மலை சரியறது வேற, மனுசன் சாகறது வேற

மலையில எங்க மண் சரிஞ்சாலும் அடுத்த நாள் காலையில ரெண்டு கட்சி கிளம்பிரும். ஒரு கட்சி, "இயற்கைச் சீற்றம், யாரு என்ன பண்ண முடியும்?"னு கையை விரிச்சிரும். இன்னொரு கட்சி, "குவாரியும் ரிசார்ட்டும்தான் காரணம், மரத்தை வெட்டுனதுதான் காரணம்"னு உடனே தீர்ப்பு எழுதிரும். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டுல நடந்ததுக்கு அப்புறமும் இதேதான். ஒரு வாரம் டி.வி.யில சண்டை ஓடுச்சு. அப்புறம் வேற செய்தி வந்துருச்சு.

நான் மேட்டுப்பாளையம் பக்கம், நீலகிரி அடிவாரத்துல வாழையும் பாக்கும் வெச்சிருக்கிற ஆளு. மலை மேல பெய்யற மழைதான் எங்க கிணத்துல ஊறுற தண்ணி. பவானியில தண்ணி செவந்து வந்தா, மேல எங்கயோ மண்ணு எறங்குதுன்னு அர்த்தம். எத்தனை மணிக்குச் செவந்துச்சு, எவ்வளவு கெட்டியா வருதுன்னு பார்த்தே மேல என்ன நடக்குதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதனால இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து உண்டு. ரெண்டு கட்சியும் ஆளுக்குப் பாதி சரி. மலை சரியறதுக்குக் காரணம் வேற, அங்க மனுசன் சாகறதுக்குக் காரணம் வேற. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டறதாலதான் பத்து வருஷத்துக்கு ஒருக்கா ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கோம்.

முதல்ல மலை ஏன் சரியுதுன்னு பார்ப்போம். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், வயல் வரப்பைப் பார்த்தாலே போதும்.

காஞ்ச வரப்பு மேல ஒரு மணி நேரம் பேய்மழை பெஞ்சாலும் வரப்பு அசையாது. மேல் மண்ணு கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். ஆனா நாலு நாளா சிணுங்கிச் சிணுங்கித் தூறல் விழுந்து, வரப்பு முழுக்க ஊறிக் கிடக்கும்போது ஒரே ஒரு கனமழை வந்தாப் போதும், பொத்துனு உட்கார்ந்துரும். ஏன்னா மண்ணு நிக்கறது துகளும் துகளும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பிடிச்சிருக்கிற பிடியில. லேசான ஈரம் அந்தப் பிடியை அதிகமாக்கும். கடற்கரையில குழந்தைங்க ஈர மணல்ல வீடு கட்டறது அப்படித்தான். அதே மணல்ல ரெண்டு வாளித் தண்ணி ஊத்துனா வீடு கரைஞ்சு ஓடிரும். துகளுக்கு நடுவுல இருக்கிற சந்து பூரா தண்ணி நிறைஞ்சு, அந்தத் தண்ணி துகள்களை விலக்கித் தள்ளுது. பிடி போயிருது. பாரம் மட்டும் கூடிருது.

மலையில நடக்கறதும் இதேதான், அளவு மட்டும் பெருசு. மேற்குத் தொடர்ச்சி மலையில கீழே பழைய கெட்டியான பாறை. அதுக்கு மேல பல்லாயிரம் வருஷமா அந்தப் பாறையே மக்கி உண்டான மண்ணு. நீலகிரியில பல இடத்துல அது பத்து மீட்டருக்கு மேல கனமா இருக்கு. மேல செம்மண்ணு, அடியில பாறைக்கும் மண்ணுக்கும் நடுவுல மாவு மாதிரி வழுவழுன்னு களி. தண்ணி மேல் மண்ணுல வேகமா இறங்கும், அந்தக் களியைத் தாண்டிப் போக முடியாது. அங்கேயே தேங்கி, சரிவோட போக்குல பக்கவாட்டுல ஓட ஆரம்பிக்கும். எண்ணெய் தடவுன பலகை மேல ஈர மூட்டையை வெச்ச கதைதான்.

எவ்வளவு தண்ணின்னு ஒரு கணக்குப் போடுவோம். வயநாட்டுல அந்த இடத்துல 48 மணி நேரத்துல 572 மில்லிமீட்டர் மழைன்னு அறிவிச்சாங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். அப்படின்னா ஒரு ஏக்கருக்கு 23 லட்சம் லிட்டர். சென்னையில உங்க அபார்ட்மெண்ட்டுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதுல 190 லாரிக்கு மேல. ரெண்டு நாள்ல, ஒவ்வொரு ஏக்கர் தலையிலயும். அதுவும் அதுக்கு முன்னாடியே பருவமழையில ஊறிக் கிடந்த மண்ணு. உலக வானிலை ஆய்வாளர்கள் குழு ஒண்ணு, புவி சூடானதால அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடுதலாப் பெஞ்சிருக்குன்னு கணக்குச் சொல்லுச்சு. ஊறுன வரப்புக்கு அந்த ஒரு பங்கு அதிகமே போதும்.

எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மழை பெஞ்சும் ஏன் ஒரு இடம் மட்டும் சரியுது? மலையைத் தூரத்துல இருந்து பார்த்தா சேலை மடிப்பு மாதிரி மடிப்பு மடிப்பாத் தெரியும். அந்த மடிப்புகளோட தலைப்பகுதி ஒரு புனல். சுத்தி இருக்கிற சரிவுல விழற தண்ணி, மண்ணுக்குள்ளயே நகர்ந்து அங்கதான் வந்து கூடும். அங்கதான் பள்ளம் பிறக்குது. பள்ளம்னு நான் சொல்றது ஓடையை, எங்க பக்கத்துல ஓடையைப் பள்ளம்னுதான் சொல்லுவோம். பெரிய சரிவுகள் நிறைய அந்த இடத்துலதான் தொடங்குது. அப்படித் தொடங்குனது நேரா பள்ளத்துல விழும். அதுக்கு மேலதான் ஆபத்தே.

பள்ளத்துல விழுந்த மண்ணு அங்க ஓடற தண்ணியோட சேர்ந்து குழம்பாகும். அந்தக் குழம்பு வழியில இருக்கிற பாறையைப் பேத்துக்கும், மரத்தைப் பிடுங்கிக்கும், ரெண்டு கரையையும் அரிச்சுக்கும். கீழே போகப் போக ஒண்ணு பத்தாகும், பத்து நூறாகும். சில சமயம் குறுகலான இடத்துல மரமும் பாறையும் அடைச்சு, ஒரு தற்காலிக அணை மாதிரி நின்னு, பின்னாடி தண்ணி ஏறி, ஒரேயடியா உடையும். மலையாளத்துல இதை 'உருள்பொட்டல்'னு சொல்றாங்க. தமிழ்ல நாம எல்லாத்தையும் 'நிலச்சரிவு'ன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம். ரோட்டோரத்துல நாலு டிராக்டர் மண்ணு விழறதும் நிலச்சரிவு, ஊரே போறதும் நிலச்சரிவு. பேர் ஒண்ணா இருக்கிறதால காரணமும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம்.

வயநாட்டுல என்ன நடந்தது? இஸ்ரோவோட தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படம் வெளியிட்டுச்சு. சரிவு தொடங்குன இடம் கடல் மட்டத்துல இருந்து 1,550 மீட்டர் உயரத்துல. சரிஞ்ச பரப்பு 86,000 சதுர மீட்டர், நம்ம கணக்குல சுமார் 21 ஏக்கர். அது ஆத்து வழியா சுமார் 8 கிலோமீட்டர் ஓடி வந்திருக்கு. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை எல்லாம் அந்த வழியில. 250 பேருக்கு மேல போயிட்டாங்க. பல உடல்கள் சாலியாத்துல மிதந்து பக்கத்து மாவட்டத்துல நிலம்பூர் பக்கம் கிடைச்சுது.

அந்த 1,550 மீட்டர் உயரத்துல ரிசார்ட் கிடையாது. குவாரி கிடையாது. காடு இருக்கிற மலை. இதைச் சொன்னா "பார்த்தீங்களா, மனுசன் மேல தப்பே இல்லை"ன்னு முதல் கட்சி துள்ளும். கொஞ்சம் பொறுங்க.

மரத்தோட வேர் மேல் மண்ணைத்தான் பிடிக்கும். ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர், சில மரத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழம். அதுக்குக் கீழே இருந்து மண்ணு வழுக்குச்சுன்னா மரத்தோட சேர்ந்தேதான் வரும். அதனால காடு இருந்தாச் சரியவே சரியாதுன்னு சொல்றது தப்பு. ஆனா காடு இருக்கிற சரிவுல மழை இலையில தங்கி, சருகுல தங்கி, மெதுவா இறங்கும். வேர் மண்ணுல இருக்கிற தண்ணியில ஒரு பங்கை உறிஞ்சு வெளியே விடும். காட்டை அழிச்ச சரிவு அதே மழைக்கு முன்கூட்டியே தோத்துரும். இன்னொண்ணும் உண்டு. மரத்தை வெட்டுன உடனே ஒண்ணும் ஆகாது. அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள்ள மக்க அஞ்சாறு வருஷம் ஆகும். மக்குன அப்புறம் வேர் இருந்த இடம் பூரா ஓட்டை. தண்ணி உள்ளே இறங்க அதுவே குழாய். வெட்டுனவன் போயிருப்பான், சரியும்போது வேற யாரோ குடியிருப்பாங்க.

அடுத்தது அடிவெட்டு. நெல் மூட்டையை அட்டியா அடுக்கி வெச்சு, அடியில ஒரு மூட்டையை உருவிப் பாருங்க. மலைச் சரிவுல ரோடு போடறதும், வீட்டுக்குச் சமதளம் பண்றதும் அதுதான். ஜேசிபி ஒரு மணி நேரத்துல சரிவோட காலை வெட்டிரும். வெட்டுன மண்ணை அந்தப் பக்கம் பள்ளத்துல தள்ளிடறாங்க. ஆக மேல் பக்கம் மலைக்குக் கால் போச்சு, கீழ் பக்கம் பள்ளத்துக்கு மூச்சு போச்சு. அப்புறம் ஒரு சுவர் கட்டறாங்க. அந்தச் சுவர்ல தண்ணி வடியறதுக்கு ஓட்டை விட்டிருந்தா அது சுவர். விடலைன்னா அது அணை. பின்னாடி தண்ணி சேர்ந்து சுவரோட மண்ணும் வரும்.

நீலகிரியில 2009 நவம்பர்ல நடந்தது பெரும்பாலும் இந்த வகை. கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் மழை. அஞ்சே நாள்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடத்துல மண்ணு சரிஞ்சது. 40 பேருக்கு மேல இறந்தாங்க. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோடும் மலை ரயில் பாதையும் துண்டாப் போச்சு. சரிஞ்ச இடங்கள்ல நிறைய, ரோட்டுக்கும் வீட்டுக்கும் வெட்டுன ஓரங்கள். ஒவ்வொண்ணும் சின்னதுதான். ஆனா ஒரு சின்ன சரிவுக்குக் கீழே ஒரு வீடு இருந்தா, அந்த வீட்டுக்கு அது பெருசுதான்.

விவசாயிங்க நாங்களும் இதுல இருக்கோம். மலைச் சரிவுல பாத்தியை மேலிருந்து கீழா ஓட்டுனா தண்ணி சீக்கிரம் வடிஞ்சு கிழங்கு அழுகாதுன்னு செய்யறாங்க. அது ஒவ்வொரு மழைக்கும் மண்ணை ஆத்துக்கு அனுப்பற வேலை. இதுக்கு நேர்மாறா இன்னொண்ணு நடக்குது. மழைநீர் சேகரிப்பு நல்லதுன்னு நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். எங்க சமவெளியில நல்லதேதான், நானும் தோட்டத்துல குழி வெட்டி வெச்சிருக்கேன். ஆனா செங்குத்தான சரிவுல, கனமான மண்ணுல வரிசையா மழைக்குழி வெட்டி மொத்தத் தண்ணியையும் உள்ளே இறக்குனா, ஊறுன வரப்பை நாமளே தயார் பண்ற மாதிரி. மலையில தண்ணிக்கு ரெண்டு வேலை செய்யணும். மண்ணை அரிக்காம மெதுவா நடக்க விடணும், அதே சமயம் ஒரே இடத்துல தேங்காம வெளியேத்தணும். இந்தப் பாடம் சமவெளிக்காரனுக்குத் தெரியாது. மலைக்காரங்க தலைமுறை தலைமுறையாத் தெரிஞ்சு வெச்சிருந்தது.

சரி, இது வரைக்கும் மலை ஏன் சரியுதுங்கிற கதை. இனி மனுசன் ஏன் சாகறான்னு பார்ப்போம்.

2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கும் மேல மழை பெஞ்சது. வயநாட்டுல ரெண்டு நாள்ல பெஞ்சதைவிட இது அதிகம், அதுவும் ஒரே நாள்ல. அங்கயும் மலை சரிஞ்சது. போய்ப் பார்த்தவங்க, காட்டுல நகத்தால கீறுன மாதிரி செக்கச்செவேல்னு கோடு கோடாத் தெரியுதுன்னு சொன்னாங்க. ஆனா மாவட்டம் பூரா இறந்தவங்க விரல் விட்டு எண்ணற அளவுதான். ஏன்? சரிவுக்குக் கீழே ஊர் இல்லை.

அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்குப் பக்கத்துல பெட்டிமுடி. அங்கயும் சரிவு தொடங்குனது குடியிருப்புக்கு மேலே இருக்கிற காட்டு மலையில. ஆனா அதுக்கு நேர் கீழே, ஓடைக்குப் பக்கத்துல, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோட லயம் வரிசையா இருந்தது. 70 பேர் போனாங்க. எல்லாரும் தமிழர்கள். நிறையப் பேரோட பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். மழையில கரண்ட் இல்லை, போன் இல்லை. ராத்திரி நடந்தது விடிஞ்ச பிறகுதான் வெளியே தெரிஞ்சது.

இலங்கையில 2014 அக்டோபர் 29, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்குப் பக்கத்துல மீரியபெத்த தோட்டம். அங்கயும் லயம்தான் புதைஞ்சது. அங்கயும் மலையகத் தமிழர்கள்தான். அந்த இடம் ஆபத்து, ஆட்களை மாத்துங்கன்னு 2005லயும் 2011லயும் அந்த நாட்டு தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. மாத்தலை.

இந்த மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முண்டக்கை, பெட்டிமுடி, மீரியபெத்த. மூணும் தேயிலைத் தோட்டம் இருக்கிற ஊர். இது தற்செயல்னு நான் நம்பலை. நூறு, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் தோட்டம் போட்டப்ப, நல்ல சரிவெல்லாம் தேயிலைக்கு. மேட்டுல, காத்தோட்டமா, கெட்டியான இடத்துல துரை பங்களா. கூலிக்காரனுக்கு? தண்ணிக்கு அலைய வேண்டாம், கட்டறதுக்குச் சமதளமும் கிடைக்கும்னு பள்ளத்தோரம் லயம். அந்தச் சமதளம் எப்படி வந்ததுன்னு யாரும் கேட்கலை. செங்குத்தான மலைக்கு நடுவுல, பள்ளத்தோரம் வாகா ஒரு சமதளம் இருக்குன்னா, பழைய சரிவுகள் கொண்டு வந்து கொட்டுன மண்ணாலதான் அது பல இடத்துல உண்டாகியிருக்கும். தட்டுல சோறு போட்ட இடத்துலயேதான் அடுத்த கரண்டியும் விழும்.

முண்டக்கையிலயும் 1984லயே ஒரு தடவை சரிஞ்சு ஆட்கள் இறந்திருக்காங்க. அதுல இருந்து சில கிலோமீட்டர் தூரத்துல புத்துமலையில 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி 17 பேர். இஸ்ரோ 2023ல வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்புல 147 மாவட்டங்கள்ல வயநாடு 13ஆவது. ஆக, மலை ஒளிச்சு வெச்சு அடிக்கலை. அது ஏற்கெனவே வந்த வழியிலயேதான் வந்தது. வழியில நாம ஆட்களைக் குடி வெச்சிருந்தோம்.

அந்த ஆட்கள் விரும்பிப் போய்க் குடியிருக்கலை. வேலையோட சேர்ந்து வந்த வீடு அது. வேலை போனா வீடும் போகும். மூணு தலைமுறையா உழைச்சும் அரை சென்ட் நிலம் பேர்ல இல்லாத குடும்பங்கள். "மழை அதிகமா இருக்கு, வேற இடத்துக்குப் போங்க"ன்னா எங்க போவாங்க? இதனாலதான் சொல்றேன், மலை சரியறதுக்கு மண்ணும் தண்ணியும் காரணம். சாவுக்கு யாருக்கு எந்த இடம் கிடைக்குதுங்கிறதுதான் காரணம்.

லயத்துக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மலையடிவார வீடு மேல மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் இறந்தாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க. டவுன்ல இடம் வாங்க வக்கில்லாதவங்க மலையோரம் ஏறுறாங்க. ஏறும்போது யாரும் தடுக்கறதில்லை. கரண்ட் கனெக்‌ஷன் கொடுப்போம், வரி போடுவோம், ஓட்டும் வாங்குவோம். செத்த பிறகுதான் 'ஆக்கிரமிப்பு'ங்கிற வார்த்தை ஞாபகம் வரும்.

"முன்கூட்டியே சொல்ல முடியாதா?"ன்னு கேட்பீங்க. எந்த மடிப்பு எத்தனை மணிக்குச் சரியும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எப்ப வெளியேறணும்னு சொல்ல முடியும். அதுக்கு ராக்கெட் வேண்டாம், மழைமானி போதும். வயநாட்டுல கல்பற்றாவுல ஹியூம் சூழலியல் மையம்னு ஒண்ணு இருக்கு. அவங்க மாவட்டம் முழுக்க மழைமானிகள் வெச்சு, விவசாயிகளும் எஸ்டேட்காரங்களும் தினமும் அளந்து சொல்ற கணக்கைத் தொகுக்கறாங்க. 2020ல அந்தக் கணக்கை வெச்சு எச்சரிச்சு, முண்டக்கைப் பக்கத்து ஆட்களை வெளியேத்துனாங்க. மண்ணு சரிஞ்சது, உயிர் போகலை. 2024லயும் சரிவுக்குச் சுமார் 16 மணி நேரம் முன்னாடியே, மழை 200 மில்லிமீட்டரைத் தாண்டிருச்சுன்னு மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்ததாச் செய்திகள் வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நாங்க முன்னாடியே சொன்னோம்னு மத்திய அமைச்சர் சொன்னார். சிவப்பு எச்சரிக்கை விடிஞ்ச பிறகுதான் வந்ததுன்னு மாநில முதல்வர் சொன்னார். பள்ளத்தோரம் தூங்கிட்டிருந்தவங்களுக்கு ரெண்டு பேர் சொன்னதும் கேட்கலை.

ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் மழை வேற வேற. மாவட்டத் தலைநகர்ல வெயில் அடிக்கும், இருபது கிலோமீட்டர் தள்ளி வானம் கிழிஞ்சு ஊத்தும். மாவட்டத்துக்கு ஒரு நிறத்துல எச்சரிக்கை கொடுத்தா அந்தப் பள்ளத்தோரத்து ஆளுக்கு என்ன புரியும்? மலையில ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மழைமானி, அளக்கறதுக்கு ஊர்க்காரரே ஒருத்தர், இத்தனை மில்லிமீட்டர் தாண்டுனா இந்தப் பள்ளத்துக்காரங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்னு முன்கூட்டியே பேசி வெச்ச ஒரு கணக்கு. அந்தப் பள்ளிக்கூடமும் பள்ளத்தோரத்துல இருக்கக் கூடாது. சூரல்மலையில வெள்ளார்மலைப் பள்ளிக்கூடமே அடிபட்டு நின்னதைப் படத்துல பார்த்திருப்பீங்க. நான் தோட்டத்துல பதினஞ்சு வருஷமா மழை அளந்து நோட்டுல எழுதறேன். தினம் ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குக் கூலி கொடுத்தாலும் ஒரு பாலம் கட்டற செலவுல நூத்துல ஒரு பங்கு ஆகாது.

அரசாங்கத்துக்கிட்ட அறிக்கைக்குப் பஞ்சமில்லை. 2011ல மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலை பத்தி அறிக்கை கொடுத்தது. 2013ல கஸ்தூரிரங்கன் குழு கொடுத்தது. அதுக்கப்புறம் வரைவு அறிவிப்பு மேல வரைவு அறிவிப்பு. ஆறாவது வரைவு எப்ப வந்தது தெரியுமா? 2024 ஜூலை 31. வயநாட்டுல உடல்களைத் தேடிட்டிருந்தப்ப. காட்கில் அறிக்கையை மலை விவசாயிங்க எதிர்த்தாங்கன்னு நகரத்துல திட்டறாங்க. எதிர்த்தது உண்மை. ஆனா அவங்ககிட்ட அந்த அறிக்கையை அவங்க மொழியில, அவங்க வரப்பு எல்லைக்குள்ள என்ன மாறும்னு உட்கார்ந்து சொன்னவங்க யாரு? "உன்னைக் கிளப்பிருவாங்க"ன்னு சொன்னவங்கதான் முதல்ல வீடு வீடாப் போனாங்க. அதுல குவாரிக்காரனும் சேர்ந்துக்கிட்டான். விவசாயி பயந்தான், ஆதாயம் வேற யாருக்கோ போச்சு.

என்னைக் கேட்டா மலை பூரா தடைன்னு சொல்றதும் வேண்டாம், எல்லாத்தையும் திறந்து விடறதும் வேண்டாம். சர்வே நம்பர் வாரியா ஒரு வரைபடம் வேணும். எந்தப் பள்ளம் எங்க பிறக்குது, எந்த வழியா வரும், பழைய சரிவு எங்க, எல்லாம் போட்டு, தமிழ்ல, பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்ல எழுதி வைக்கணும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டோட நிலப்பரப்புல சுமார் 12.6 சதவீதம் நிலச்சரிவு அபாயம் உள்ளதுன்னு கணக்கு வெச்சிருக்கு. வரைபடமும் வெச்சிருக்கு. ஆனா அது கம்ப்யூட்டர்ல இருக்கு, பள்ளத்தோரத்து வீட்டுக்கு வந்து சேரலை. அந்த வழியில இருக்கிற லயங்களை முதல்ல காலி பண்ணி, கெட்டியான இடத்துல, அந்தக் குடும்பத்து பேர்லயே பட்டாவோட வீடு கொடுக்கணும். செத்த பிறகு கொடுக்கற நிவாரணத்தைச் சாகறதுக்கு முன்னாடி கொடுங்கன்னுதான் கேட்கறேன்.

கடைசியா நகரத்துல இருக்கிற உங்களுக்கு. லீவுக்கு மலைக்கு வருவீங்க, சிலர் ஒரு காட்டேஜ், நாலு சென்ட் இடம்னு வாங்கவும் பார்ப்பீங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்ல மழையில போய் நின்னு பாருங்க. தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுது? வீட்டுக்குப் பின்னாடி செங்குத்தா வெட்டுன மண்ணு இருக்கா? இருந்தா எத்தனை அடி? பக்கத்துல ஓடை சலசலக்குது, அழகா இருக்குன்னு புரோக்கர் சொன்னா, அந்த ஓடையோட தலை எங்க இருக்குன்னு அண்ணாந்து பாருங்க. வளைஞ்சு நிக்கற மரம், சாய்ஞ்ச கரண்ட் கம்பம், சுவர்லயும் தரையிலயும் புதுசா விழுந்த வெடிப்பு, இதுவரைக்கும் இல்லாத இடத்துல திடீர்னு ஊத்து கிளம்பறது, தெளிவா வந்த ஊத்துத் தண்ணி கலங்கறது, மழை கொட்டும்போது ஓடையில தண்ணி சட்டுனு குறையறது. இதெல்லாம் மலை சொல்ற சேதி. கடைசியா சொன்னதைப் பார்த்தா சாமான் எடுக்கக் கூட நிக்காதீங்க. மேல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஓடுற போக்குலயே கீழே ஓடாம, பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறுங்க.

இன்னொண்ணும் செய்யலாம். நீங்க தங்கற ரிசார்ட்ல வேலை செய்யற பையன்கிட்ட, "தம்பி, உங்க வீடு எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. மேட்டுல நீங்க, பள்ளத்துல அவன்னு இருந்தா, அந்த மலையில அடுத்து யாரு சாவாங்கன்னு உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிரும். அது தெரிஞ்ச பிறகு 'இயற்கைச் சீற்றம்'னு சொல்ல வாய் வராது.